ஒரு நட்சத்திரக் குறி

நாலாவது முறையும் கம்ப்யூட்டர் அதையேதான் சொன்னது: சேர்ப்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை. அவளுக்கு மண்டை காய்ந்தது. காலையிலிருந்து இடுப்பொடிய உட்கார்ந்து எழுதிய லாகின் பக்கம் கண்ணெதிரே திரையில் இருக்கிறது. இதுவானால் ஒன்றும் அறியாத பிள்ளையைப் போலக் கையை விரிக்கிறது.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அவளும் கணவனும் கொழுந்தனுமாக மூன்று பேர் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வந்தார்கள். போன மாதம் அது இரண்டு பேராகிவிட்டது. லாகின் பக்கத்தை முதலில் எழுதியவன் கொழுந்தன்தான். முடித்து கிட்டில் ஏற்றிவிட்டேன் என்றான். அந்த நம்பிக்கையில், மெதுவாக ஓடிக்கொண்டிருந்த அவனுடைய லேப்டாப்பை அண்ணன்காரன் அதிலிருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கினான். பிறகு மூவரின் வேலையும் போய்ச் சேரும் கிட் என்ற அந்தப் பொதுக் கிடங்கில் தேடினால், லாகின் என்று ஒரு வரிகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா, இத்தனை நாள் என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று அண்ணன் கத்தினான். தம்பி வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். அவளும் அன்று அவனுக்காக வாய் திறக்கவில்லை. கொஞ்சம் அவளுமே நம்பிவிட்டாள்.

இப்போது, இந்தக் கோப்பைத் தடுப்பது எது என்று கிட்டையே கேட்டாள். கேட்டால் சொல்லும், கேட்காதவரை வாயைத் திறக்காது. சேர்க்க வேண்டாதவற்றை எழுதிவைக்கும் இக்னோர் ஃபைலில் ஒரு வரியைக் காட்டியது. 'log', பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அப்படிப் போட்டால் log என்று தொடங்குகிற எதையும் அது சேர்க்காது. எழுதியவர் இடத்தில் அவள் கணவனின் பெயர்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். புரோகிராம் தானாக எழுதித் தள்ளும் லாக் ஃபைல்கள் குப்பை மாதிரி சேர்ந்துகொண்டே இருந்ததே, அதற்காகப் போட்டது என்றான்.

"login-உம் log-லதானே ஆரம்பிக்குது?"

அவன் தாடையைச் சொறிந்தான். "ஒரு ஸ்டார்தானே. கவனிக்கல."

"அந்த ஒரு ஸ்டாருக்குத்தான் உங்க தம்பியப் பொய்யன்னு சொன்னீங்க."

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். நட்சத்திரத்தை முன்னால் நகர்த்தி ஒரு புள்ளி வைத்தான்; .log என்று முடிகிறவை மட்டும் இனி விலகும். என்ன மாற்றினோம் என்று குறிக்கும் இடத்தில் 'சிறு திருத்தம்' என்று தட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏற்றும்போது தம்பியும் ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம், தப்பு இரண்டு பக்கமும்தான் என்று அவன் ஆரம்பித்தான். தம்பிக்கு மெசேஜ் போட்டுவிடுகிறேன் என்றான். போனில் தட்டியதை எட்டிப் பார்த்தாள்: 'லாகின் பிரச்சினை சரியாகிவிட்டது.'

"கல்லுல நார் உரிச்சிடலாம், உங்ககிட்ட முடியாது," என்றாள். அனுப்புவதற்குள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். தன் போனில் கொழுந்தனின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே கணவனின் கையில் திணித்தாள்.

அவன் அதைக் காதில் வைக்கவில்லை. உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "என்னன்னு சொல்றது?" என்றான், மெதுவாக.

அவள் அவனையே பார்த்தாள். விரல்களின் இடுக்கு வழியே சின்னதாக ஒரு குரல் கேட்டது.

"அண்ணி? சொல்லுங்க அண்ணி..."