எட்டுக்கு ஒன்பது அறைக்கு ஒரு லென்ஸ்

1

இது கதையாக ஆரம்பித்ததில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தம்பி வீடியோ எடுப்பவன். புதிதாக வாங்கிய லென்ஸைப் பற்றித் தன் சேனலில் பேசுவதற்கு எண்ணூறு வார்த்தை எழுதிக் கொடு என்று கேட்டான். "நாலு புத்தகம் போட்டிருக்கியே அக்கா, இது ஒரு விஷயமா உனக்கு?" என்றான். நாலு புத்தகம் போட்ட திமிரில் நானும் சரி என்றேன். மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணூறு எப்போதோ தாண்டிவிட்டது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"வீடியோ வேலைக்கு அகலக் கோண ஜூம் லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எடை. இரண்டு, சத்தம். மூன்று, அப்பா—"

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. (பேனா இல்லை, கீபோர்டுதான். ஆனால் கீபோர்டு நின்றுவிட்டது என்று எழுத மனசு வரவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் அப்பா. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவரைவிட்டு இறங்கிப் போயின." இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனால் அடித்துவிட்டேன். எனக்கே பிடித்துப்போகிற வரிகளை நான் நம்புவதில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் வரவில்லை.

2

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அறை எட்டடிக்கு ஒன்பதடி. நடுவில் ஒரு மேசை. அந்தப் பக்கம் பயிற்சி கொடுக்கும் அம்மையார், இந்தப் பக்கம் அப்பா, அவரை ஒட்டி அம்மா. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தம்பியும் அவன் கேமராவும். கதவுக்கு உள்ளே பாதி வெளியே பாதியாக, காதில் ஹெட்ஃபோனோடு நான். மேசைமேல் இருந்த மைக்கில் என்ன விழுகிறது என்று கவனிப்பது என் வேலை. வாரம் ஒரு முறை பயிற்சியைப் படமெடுத்து, வாய் எப்படி அசைகிறது என்று பிறகு போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். வீட்டிலேயே ஒரு கேமராக்காரன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நாங்களே எடுத்தோம்.

தம்பியிடம் இருந்தது ஐம்பது எம்.எம். லென்ஸ், பேட்டி எடுப்பதற்கென்று வாங்கியது. முகத்தை அவ்வளவு அழகாகக் காட்டும். அந்தச் சின்ன அறையில் அப்பாவின் தலையையும் நெஞ்சையும் தவிர வேறெதையும் காட்டாது.

முதல் வாரம் அப்பா மூன்று வார்த்தை சொன்னார். தண்ணி. போதும். மூன்றாவது, அம்மாவை அவர் கூப்பிடும் செல்லப்பெயர். அதை அச்சில் போட்டால் அம்மா என்னைத் தொலைத்துவிடுவாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வாய் திறக்கும், உதடு தவிக்கும், சத்தம் மட்டும் வராது. பத்து வாரம் இப்படியே போனது.

(முதல் வாரம் வந்தது ஏதோ அதிர்ஷ்டம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்காக நான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.)

பன்னிரண்டாம் வாரத்தோடு மூன்று பேர் கொண்ட குழு ஒரு முடிவெடுக்கும். முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி தொடரும். தெரியாவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் போய்விடும். குழு பார்ப்பதற்கு ஒரு வீடியோ கொடுக்க வேண்டும். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நோயாளி, பயிற்சியாளர், வீட்டு ஆள் மூவரும் தலையிலிருந்து கால்வரை தெரிய வேண்டும். ஐம்பது எம்.எம்.மில் அதை எடுக்கச் சுவரை இடித்துவிட்டு அடுத்த அறைக்குள் போய் நிற்க வேண்டும். லென்ஸ் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

3

இங்கே ஒரு கடைக்காரர் வருகிறார். முதல் வரைவில் அவரை ஞானியாக எழுதியிருந்தேன். "லென்ஸ் காட்டுறத விட மறைக்கிறதுதான் முக்கியம்" என்று அவருக்கு ஒரு வசனம்கூடக் கொடுத்திருந்தேன். தம்பி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அந்த ஆளுக்கு அன்னைக்குப் பூரா விக்கல். ஒரு வாக்கியம் முழுசாப் பேசினாரா?" வாஸ்தவம்தான். அவர் செய்ததெல்லாம் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கும் அறையைத் திறந்துவிட்டதுதான். தம்பி தரையில் எட்டுக்கு ஒன்பது அளந்து சாக்பீஸால் கோடு போட்டான். நான் அப்பா இடத்தில் உட்கார்ந்தேன், அம்மா அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தது பெரிய லென்ஸ். பதினாலு எம்.எம்.வரை விரியும் (எண் குறையக் குறையக் காட்சி அகலும்), முன்கண்ணாடி பிதுங்கிக்கொண்டு நிற்கும். அம்மா திரையில் தன்னைப் பார்த்தாள்.

"என்னடா இது, என் தலை பூசணிக்கா மாதிரி இருக்கு?"

"ஓரத்துல இருக்கறவங்கள அது கொஞ்சம் இழுக்கும்மா."

"நான் எப்பவும் ஓரத்துலதானே உக்கார்றேன்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். தம்பி லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டான். "இதை எதிர்ல வச்சா அப்பா இதையே முறைச்சுப் பாத்துட்டிருப்பாரு, பேச மாட்டாரு" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

அடுத்தது சின்னது. கைக்குள் அடங்கும். பதினாறிலிருந்து முப்பத்தைந்துவரை. ஜூம் செய்தால் மூக்கு நீளாது, எல்லாம் உள்ளுக்குள்ளேயே நகரும். ஃபோகஸ் மாறும்போது மோட்டார் முனகுகிறதா என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கடைக்காரரின் விக்கலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பதினாறில் அம்மா முகம் லேசாக இழுபட்டது. தம்பி வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் அம்மா, "நிறுத்து. இப்ப நான் நானா இருக்கேன்" என்றாள்.

அப்புறம் அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் உட்கார்ந்தபடியே, யாரும் கேட்காமல், அம்மா சொன்னாள்: "பஸ்லயும் என் சீட்டு இவ்ளோ தூரத்துலதான் இருக்கும். வேலைக்கு அவர் வண்டியிலதானே போவேன். தலைக்கு மேல இருக்கற கண்ணாடியில என்னைப் பாத்து, 'ஏறிட்டியா?'ன்னு கேப்பாரு. 'ஏறிட்டேன், எடுங்க'ன்னு நான் சொன்னாத்தான் வண்டி நகரும். பஸ்ஸே சிரிக்கும்."

(லென்ஸ் விமர்சனத்தில் இது எதற்கு என்று தம்பி கேட்டான். தெரியவில்லை. ஆனால் எடுக்க மாட்டேன்.)

4

[இந்தப் பகுதியை எடுத்துவிடும்படி தம்பி சொன்னான். எடுத்துவிட்டேன்.]

5

பன்னிரண்டாம் வாரம். லென்ஸை இருபதில் நிறுத்திவிட்டுத் தம்பி திரையைப் பார்த்தான். அறை முழுதும் உள்ளே வந்திருந்தது. பயிற்சியாளரின் செருப்பு, அம்மாவின் கைப்பை, மேசையின் நாலு கால்கள், மேசைக்கு அடியில் அப்பாவின் இடது காலைத் தாங்கிய ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல்.

"அக்கா, அந்த ஸ்டூலை எடுத்துடு. பளிச்சுனு அசிங்கமாத் தெரியுது."

குனிந்து எடுத்தேன். அப்பாவின் பாதத்தைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கேமரா ஓட ஆரம்பித்தது. பயிற்சியாளர் தண்ணீர் நிரம்பிய டம்ளர் படத்தைக் காட்டினார். "சார், இது என்ன?"

என் காதில் 'டொக்' என்று ஒரு சத்தம் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே அப்பாவின் குரல்: "தண்ணி."

 பயிற்சியாளர் அடுத்த படத்தை எடுத்தார். குடை. தம்பி என் தோளைத் தொட்டு, திரையில் ஒரு மூலையைக் காட்டினான். அப்பாவின் இடது பாதம் தரையோடு தரையாக அழுந்தியது. உதடு குவிந்தது. பாதம் மெல்ல எழும்பியது, பாதியில் நின்றது, அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"குடை."

அரைக் கிளட்ச்! மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுக்க, அப்பா கிளட்சை இப்படித்தான் பாதியில் பிடித்துவைப்பார். கையும் நாக்கும் கைவிட்ட பிறகும், முப்பத்தோரு வருஷம் மிதித்த அந்த இடது கால் தன் வேலையை மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு மேட்டில் நின்றுபோன வண்டி. மிதித்து, பிடித்து, விட்டால்தான் நகர்கிறது.  இத்தனை வருஷம் எழுதுகிறேன், ஒரு மனுஷனுக்குள் இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்குக் கற்பனையில்கூடத் தோன்றியதில்லை.

பன்னிரண்டு படத்தில் ஒன்பதைச் சொல்லிவிட்டார்.

(எல்லாம் முடிந்த பிறகு பயிற்சியாளரிடம் விளக்கம் கேட்டேன். "தாளம் தட்டினா சிலருக்குப் பேச்சு வரும். கிளட்ச் மிதிச்சு வந்து நான் பாத்ததில்ல" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் தன் இடது காலால் இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்த்தார். "பத்து வாரமா நான் வாயைத்தானே பாத்துட்டிருந்தேன்" என்றார்.)

4, மறுபடியும்

எடுத்துவிட்ட பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "இரண்டாம் வாரம் தம்பி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் வைத்தான்."

அதைப் படித்தபோது தம்பி கோபப்படவில்லை. "இந்தப் பகுதி வேணாம்க்கா, எடுத்துடு" என்று மட்டும் சொன்னான். ஸ்டூலை வைத்தது அவன் இல்லை என்று சொல்லவே இல்லை.

திருத்துகிறேன். இரண்டாம் வாரம் நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தேன். முதல் வாரம் ஹெட்ஃபோனில் டொக் டொக்கென்று ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அது அப்பாவின் கால் என்று தெரிந்ததும் பெருமையாகக்கூட இருந்தது. காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்து, "அப்பா, கால அசைக்காதீங்க, சத்தம் விழுது" என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் அசைக்கிறார் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. சரி என்று தலையாட்டினார்.

முதல் வாரப் பதிவை நேற்று மறுபடி கேட்டேன். டொக், தண்ணி. டொக், போதும். டொக், அம்மாவின் பெயர். இரண்டாம் வாரத்தில் எந்த இரைச்சலும் இல்லை. அவ்வளவு சுத்தமான ஒலிப்பதிவு.

அழுதேன். இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

6

முடிவுகள்.

அ) குழுவில் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது.)

ஆ) இடம் அடுத்தவருக்குப் போகிறது. நாங்கள் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசைக்கடியில் பழைய கிளட்ச் பெடல் ஒன்றைப் பொருத்தி— (எழுத முடியவில்லை, விட்டுவிட்டேன்.)

இ) உண்மையில் இதுவரை நடந்தது: இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் தொடரலாம் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "ஒரு நல்ல நாளை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. காட்டிய படங்களுக்குப் பெயர் சொல்கிறார், தானாக எதுவும் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறார். படங்கள் தீர்ந்ததும் அவர் வீடியோவை நிறுத்திவிட்டாராம். கடைசிப் பதினோரு விநாடியை அவர் பார்க்கவில்லை. மூன்றாமவர் இன்னும் பார்க்கவே இல்லை.

அந்த மூன்றாவது நாற்காலியை உங்களுக்காக இழுத்துப் போட்டிருக்கிறேன், உட்காருங்கள். முடிவு உங்களுடையது. என்னிடம் இருப்பது அந்தப் பதினோரு விநாடி மட்டும்தான். ஒரே ஒரு வேண்டுகோள், முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

பயிற்சியாளர் படங்களை அடுக்கி ஓரமாக வைக்கிறார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கேமரா ஸ்டாண்டின் கால் குறுக்கே நிற்பதால் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் இடது பாதம் அழுந்துகிறது. டொக். அவர் தலையைத் திருப்பவில்லை. நேரே பார்த்தபடி, சற்று மேலே, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறார். பாதம் எழும்புகிறது, பாதியில் நிற்கிறது, நடுங்குகிறது.

"ஏறிட்டியா?"

 அம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொள்கிறாள்.

"ஏறிட்டேன். எடுங்க."