முதல் கைநாட்டு

செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறேன். உத்திராபதி எழுதினால் கலெக்டரே கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான், அது வேறு விஷயம்.

அன்று என் முன்னால் வந்து உட்கார்ந்தவள் பனமலை அம்மாக்கண்ணு. ஏரித் தண்ணீர் யார் முறை என்ற சண்டையில் பக்கத்து நிலத்துக்காரனை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற ஆதிமூலத்தின் மனைவி. தூக்கு உறுதியாகிவிட்டது.

"ஜனாதிபதிக்குக் கருணை மனு எழுதுங்கய்யா. ஊரே கையெழுத்துப் போட்டா உசுரு தப்புமாமே," என்றாள்.

போன வருஷம், 'இந்தப் பாவியைத் தூக்கிலிடாவிட்டால் கடையடைப்பு' என்று பஜாரே கையெழுத்திட்டு அனுப்பிய மனுவை எழுதியவனும் நானே. அப்படி ஒரு தமிழ் அதற்கப்புறம் எனக்கு வரவேயில்லை. வெட்கமாக இருந்தது.

மனுவை எழுதி எடுத்துக்கொண்டு அவளோடு பஜாருக்குப் போனேன். மளிகைக்கடை விநாயகம் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"அழுகையா வருதுய்யா. ஆனா கொலைக்குத் தூக்குதான் நியாயம்."

"அப்போ போட மாட்டீங்களா?"

"போடறேன். மொதல்ல போட மாட்டேன். வேற யாராச்சும் போடட்டும்."

ஜவுளிக்கடை, இரும்புக்கடை, எல்லா இடத்திலும் இதே பாட்டுதான். தூக்கு நியாயம் என்றார்கள், பாவம் என்றார்கள், இரண்டாவது ஆளாகத் தயார் என்றார்கள். தூக்கில் போடச் சொன்னபோது முதல் இடத்துக்கு என்ன அடிதடி! அடச்சீ என்று விநாயகம் கடைக்கே திரும்பினேன்.

"நீயே மொதல்ல போடேன்யா," என்றார்.

"எழுதினவன் கையெழுத்து செல்லாது," என்றேன். அப்படி ஒரு சட்டமே கிடையாது.

அப்போது பருப்பு வாங்க வந்தாள் ரஞ்சிதம். செத்தவனின் மனைவி. அம்மாக்கண்ணு சட்டென்று மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"இன்னா கூட்டம்? அதப் படிங்க," என்றாள் ரஞ்சிதம். படித்தேன். கடைசிவரை கேட்டவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, முதல் இடத்தில் ஒற்றினாள்.

"ஏம்மா, உன் புருஷனக் கொன்னவன்மா அவன்!" என்று விநாயகம் பதறினார்.

"தெரியாமலா? அவனையும் மேல அனுப்பினா அங்கயும் தண்ணிக்கு ரெண்டு பேரும் அடிச்சிக்குவாங்க. எங்க வூட்டுக்காரரு இப்பதான் நிம்மதியா இருக்கறாரு. இவன் இங்கயே கெடக்கட்டும்."

விநாயகம் பேனாவுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இரண்டாவது கையெழுத்தை நானே போட்டேன்.

பருப்பை மடியில் கட்டிக்கொண்ட ரஞ்சிதம், மூட்டைப் பக்கம் திரும்பினாள்.

"தும்மல் வருதுல்ல, வெளியில வா. இன்னிக்கு ஏரித் தண்ணி உன் மொறை. போயி மடையத் தொற."