பெயர் இருந்த இடம்

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் எந்த மேசையில், எந்தப் பிரிண்டர் யார் பொறுப்பில் என்று கணக்கு வைக்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதைக் காட்ட வந்தவர் டை கட்டியிருந்தார். திரை விரிந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது நான் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை மொத்தத்தையும் கணவர் தலையில் கட்டிவிட்டு, முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து வருஷக்கணக்காக எழுதியது. திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, எழுதியவர்கள் பெயரை எடுக்கக் கூடாது. டைக்காரர் முதல் பக்கத்தைத் திறந்தார். எங்கள் பெயர் இருந்த இடத்தில் அவர் கம்பெனி சின்னம் பல்லை இளித்தது.

"முழுக்க எங்க டீம் எழுதினது மேடம்," என்றார், கூசாமல்.

மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். டைக்காரர் எங்கள் மாடியிலுள்ள கம்ப்யூட்டர்களைத் தேடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். மாடி முழுக்கத் தேடித் திரையில் வந்தது ஒன்றே ஒன்று. எங்களுடையவை பாகம் பாகமாக வாங்கிக் கோத்த பெட்டிகள். தனித்தனி எண் யாரும் பதிக்காததால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே வரிசை எண்தான். அதைப் பார்த்து மென்பொருள் அத்தனையையும் ஒரே பெட்டி என்று எண்ணிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். அவர் முழித்தார்.

"சின்ன விஷயம்தான், டீம்ல கேக்கறேன்," என்று செல்போனில் தட்டினார்.

என் செல்போன் அதிர்ந்தது. எங்கள் மென்பொருளில் சந்தேகம் இருப்பவர்கள் கேட்கும் பொதுத்தளத்தில் ஒரு புதுக் கேள்வி. கீழே அவர் கம்பெனியின் பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது. உரக்கவே படித்தேன்.

"அவசரம். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாகத் தெரிகிறது. தயவுசெய்து உடனே உதவவும்."

டைக்காரர் தன் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இவர் சொன்ன டீம் நான்தான் சார்," என்றேன் மேலாளரிடம். "எங்க பேர அழிச்சிட்டு நமக்கே வித்திருக்காரு."

மேலாளர் சிரித்தார். "அப்ப நல்லதாப் போச்சும்மா. நீயே சரி பண்ணிக் குடுத்துடு."

திருடியவனைவிட இவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மொதல்ல எங்க பேர அந்தப் பக்கத்துல போடச் சொல்லுங்க. அப்புறம் கை வைக்கறேன்."

"ஒரு பேருக்கா இவ்வளவு கோபம்?"

"கூலின்னு நாங்க கேட்டது அது ஒண்ணுதான் சார்."