பொறுப்புக்கு ஓர் ஆள்

தொம்மாந்திரையின் கால் எலும்பு கூடி ஏழு வாரமாகிவிட்டது. நடக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். பிறகும் ஏன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள்? இதைத்தான் அவர் மனைவி ஞானப்பூ தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கேட்பாள். ஆறு மணிக்கு மணியடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு போவாள்.

டாக்டர் ஜகந்நாதன் பொல்லாத மனிதர் அல்ல. அவருக்குக் காரணம் இருந்தது. தொம்மாந்திரைக்கு மூன்று வருஷமாகவே நினைவு உதிர்ந்துகொண்டு வந்தது. முதலில் தெருப் பெயர்கள், அப்புறம் ஆட்கள், அப்புறம் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம் என்பதே போயிற்று. கடலில் மூழ்கிச் சங்கு குளித்த காலம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதுதான் வம்பு. விடியக்காலையில் எழுந்து, "தொழிலுக்கு நேரமாச்சு" என்று கடலைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். அப்படிப் போய்த் துறைமுகக் கல்லில் விழுந்துதான் கால் ஒடிந்தது.

"ஒங்க வீட்டுல இருந்து இருபது எட்டு வச்சா கடல் வந்துரும்மா. நீங்க காலையில கருவாடு விக்கப் போயிருவீங்க. யார் பார்ப்பா? பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட ஒரு ஆம்பளை வரணும்" என்றார் டாக்டர்.

ஒரே மகன் சந்தியாகு கொழும்பில். சண்டைக் காலத்தில் அங்கிருந்து ஆள் வருவதும் கடிதம் வருவதும் லேசா? மூன்று கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை.

"கூடப்பிறந்தவங்க?" என்று முதல் நாளே டாக்டர் கேட்டிருந்தார். "எனக்கு யாருமில்ல" என்று சொல்லிவிட்டாள் ஞானப்பூ. பச்சைப் பொய்! வேறு ஊரும் இல்லை, வேறு தெருவும் இல்லை, கூப்பிடு தூரத்தில் கஸ்பார் என்று ஒரு அண்ணன் குத்துக்கல்லாக இருந்தார். ஆனால் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் மகளைத்தான் சந்தியாகு கட்டுவான் என்று ஊரே நினைத்திருக்க, பயல் கொழும்பில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அண்ணன் நாலு வார்த்தை கேட்டார். இவள் நாற்பது கேட்டாள். "இனி நீயா கூப்பிடாம ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அவர் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். இவள் கூப்பிடவில்லை.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் அவளைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். "இதுக்கு மேல கட்டில் வச்சிருக்க முடியாதும்மா. சனிக்கிழமைக்குள்ள ஆள் வரலைன்னா மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதியாகணும். எனக்கு வேற வழி தெரியலை."

ஞானப்பூ எழுந்து வார்டுக்கு ஓடினாள். மெட்ராஸுக்குப் போனால் அந்த மனிதன் திரும்பி வருவாரா? போன வாரம் வரை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர், இந்த வாரம் யோசித்து யோசித்துத்தான் சிரிக்கிறார். முற்றிலும் மறப்பதற்குள் நம் வீட்டில், நம் பாயில் நாலு நாளாவது படுக்க வேண்டாமா, மாதாவே!

கட்டிலோரம் வந்து நின்று அழுதவளைச் சாயர்புரத்து நர்ஸ் கிரேசி தேற்றினாள். "அழாதீங்கம்மா. அவரு கஞ்சியெல்லாம் ஒழுங்காக் குடிக்காரு. காலையில அந்தப் பெரியவரு ஊட்டுனா, 'மச்சான் மச்சான்'னு ஒரு சொட்டு விடாமக் குடிச்சிருதாரு."

"எந்தப் பெரியவரு?"

"ஒங்களுக்குத் தெரியாதா? தெனமும் ஆறு மணிக்கு வாராரே. டாக்டர் வாறதுக்கு முன்னாடி போயிருவாரு. யாருன்னு கேட்டேன், கூடத் தொழில் பாத்தவன்னு சொன்னாரு. இடது கையில ஆள்காட்டி வெரல் பாதிதான் இருக்கும்."

ஞானப்பூவுக்கு அந்த விரலைத் தெரியும். கயிறு அறுத்துப் போன விரல் அது.

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்குக்கோ முத்துக்கோ மூழ்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். காசுக்குப் பிடிக்கிறவன் கண்ணயரலாம். தங்கச்சி தாலியை நினைக்கிறவன் அயரமாட்டான். தொம்மாந்திரையின் கயிற்றை இருபத்திரண்டு வருஷம் பிடித்தவர் கஸ்பார்.

மறுநாள் அவள் கருவாட்டுக் கூடையை எடுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிரேசி பார்த்தும் பாராதவள்போல் வழிவிட்டாள், மகராசி.

ஓடிவிடக் கூடாதென்று தொம்மாந்திரையின் இடுப்பைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருப்பார்கள். அதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அவர் மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி வலது கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார் கஸ்பார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒன்பது வருஷத்தில் அண்ணன் இப்படிக் கிழவனாகிவிட்டாரா?

"அண்ணே."

கரண்டி நின்றது. அவர் திரும்பவில்லை.

"எத்தன நாளா வாரிய?"

"சேத்த மறுநாள்ல இருந்து."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கூப்பிடலியே."

"நான் ஒரு பாவி. டாக்டர்ட்ட எனக்கு யாருமே இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா எப்பமோ வீட்டுக்கு விட்டுருப்பாக. நாளைக்கு இவுகள மெட்ராசுக்கு அனுப்பப் போறாகளாம்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

கஸ்பார் கும்பாவைக் கீழே வைத்தார். "கூறு கெட்டவளே! கையெழுத்துத்தான் வேணும்னு எனக்கு எவன் சொன்னான்? கால் சொகமாகலன்னுல்லா நெனச்சேன். நீயும் வாயத் தொறக்கல, நானும் கேக்கல. ரெண்டு கழுதையும் சேந்து ஏழு வாரம் இந்த மனுசனக் கட்டிப் போட்டு வச்சிருக்கோம்." அப்போதுதான் தங்கை பக்கம் திரும்பினார். "ஏளா, கயித்த விட்டுட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

ஞானப்பூ குனிந்தாள். அண்ணன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். நடந்ததைக் கேட்டு அவளை ஒரு முறை முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். "சரி, ராப்பகலா எப்படிப் பார்த்துப்பீங்க? அதைச் சொல்லுங்க."

"வள்ளத்துல ஒருத்தன் முங்குனா ஒருத்தன் எளைப்பாறிக்கிடுவான்யா. அதே மொறதான். காலையில அவ யாவாரத்துக்குப் போவா, நான் இருப்பேன். மத்தியானம் நான் தூங்குவேன், அவ பாப்பா. ராத்திரி வாசல்ல குறுக்கப் படுத்துக்கிடுதேன். என்னத் தாண்டித்தான் அவரு கடலுக்குப் போகணும்" என்றார் கஸ்பார்.

டாக்டர் காகிதத்தை நீட்டினார். கஸ்பார் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினார். ஏழு வாரமாகக் கிடைக்காத பொறுப்பாளி அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டார். ஞானப்பூ டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிரேசியைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். வாசலில் நின்ற காவல்காரனைக்கூட விடவில்லை, அவனுக்கும் ஒரு கும்பிடு.

மாட்டு வண்டி வீட்டு முன் நின்றது. ஞானப்பூ ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கஸ்பார் மைத்துனரைக் கைத்தாங்கலாக இறக்கி வாசல்வரை கூட்டிவந்தார். அங்கே கஸ்பாரின் கால் நின்றுவிட்டது. அந்தப் பழைய சத்தியம் அவளுக்கு நினைவு வந்தது. கூப்பிட வேண்டும். ஆனால் அவள் கதவைத்தான் இன்னும் அகலத் திறந்தாள்.

தொம்மாந்திரை வாசலைப் பார்த்தார். உள்ளே நின்ற ஞானப்பூவைப் பார்த்தார். யாரோ அயல்வீட்டுப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு கஸ்பாரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க மச்சான். ஞானப்பூ ஏதாச்சும் சொன்னாளா? அவ வாய்தான் அப்படி. நீங்க வரலன்னா ஒருவாய் சோறு எறங்காது அவளுக்கு."

ஞானப்பூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா," என்றார் தொம்மாந்திரை அவளிடம், "ஞானப்பூவ எங்க? அவ அண்ணன் வந்திருக்காருன்னு சொல்லு."

"இங்கனதான் இருக்கா," என்றாள் ஞானப்பூ. "ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வந்தார். "அழுதது போதும், பசிக்கி. சோத்தப் போடு" என்றார்.