டேப்பட் சத்தத்துக்கு ஏற்ற ஆயில்

1

இந்தக் கதையை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. சொல்லத்தான் சொன்னார்கள். என் அக்கா சமையலறை வாசலில் நின்று ஈரக்கையைத் துடைத்தபடி, "நீ எழுதுறவன்தானே, உனக்குப் பக்குவமாப் பேச வரும். அவர்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். போனேன். சொல்லவில்லை. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாக்கியத்தை ஒருவரிடம் சொல்லத் துப்பில்லாதவன், முன்பின் தெரியாதவர்களிடம் நூறு வாக்கியங்களை அளந்துகொண்டிருப்பதற்குப் பெயர்தான் இலக்கியம் என்றால் அது நாசமாய்ப் போகட்டும். இருந்தாலும் எழுதுகிறேன்.

'அவர்' என்பது அக்காவின் கணவர். எனக்கு மாமா. பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறார். அவரே முதலாளி, அவரே டிரைவர், திட்டு வாங்க வேண்டியிருந்தால் கிளீனரும் அவரே.

அவரிடம் சொல்ல வேண்டியது என்ன என்பதைக் கதையின் பாதிவரை ஒளித்து வைக்கலாம் என்றிருந்தேன். வேண்டாம். ஏற்கெனவே அதை அவரிடம் ஒளித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாமாவின் காது போய்க்கொண்டிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. லாரியின் தட்டல் சத்தம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

2

தொடக்கங்கள்.

"பனி விலகாத தெருவில் அந்த லாரி ஒரு கிழட்டு யானையைப் போல" (அடித்துவிட்டேன். லாரி லாரியைப் போலத்தான் இருந்தது.)

"பழைய இன்ஜினில் டேப்பட் சத்தம் வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது" (டேப்பட் என்பது இன்ஜினின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சின்ன இரும்புத் துண்டு. இந்த வாக்கியம் ஆயில் டின்னின் முதுகில் இருப்பது. மாமா விரும்பிப் படிக்கும் ஒரே உரைநடையும் அதுதான். என் புத்தகங்களை அவர் அலமாரியில் நேராக அடுக்கி வைத்திருக்கிறார், அட்டை மடங்காமல்.)

"டிக், டிக், டிக், டிக்."

இது இருக்கட்டும். சத்தம் இப்படித்தான் இருந்தது. மேசையை யாரோ நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பது போல. மிதித்தால் வேகமாகத் தட்டும், விட்டால் மெதுவாக.

3

மெக்கானிக்கை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். ஒரு போல்ட்டைக் கழற்ற அரை நாள் எடுத்துக்கொள்கிற மனிதர் என்பதால் வந்த பெயர். அவர் பானட்டைத் தூக்கி வெகுநேரம் குனிந்து கேட்டார்.

"டேப்பட் தேஞ்சிருக்கு. இன்ஜினைத் திறந்துதான் பார்க்கணும்."

"திறந்தா?"

"திறந்தா வேலை இழுக்கும். வண்டி ஒரு மாசமாவது நிக்கும்."

"வண்டி ஒரு மாசம் நின்னா நான் எங்க போய் நிக்கிறது?"

"அப்போ ஆயிலை மாத்திப் பாரு. அமுங்கும். ஆனா அமுங்குறது வேற, சரியாகுறது வேற."

மாமா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆயில்கடைக்காரர் இருபது-அம்பது கொடுத்தார். அது கெட்டி ஆயில். சூடான இன்ஜினில் சத்தம் கொஞ்சம் பம்மியது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்னைவிட மோசமாகத் தட்டியது. கெட்டி ஆயில் மேலே ஏறுவதற்குள் இரும்பு இரும்போடு பேசிவிடுகிறது. மறுபடி அதைவிட இளகலான பழைய பதினைந்து-நாற்பதுக்கே வந்தார். பிறகு ஏதோ ஒரு பாட்டில் மருந்தைக் கலந்தார். புகை வந்ததுதான் மிச்சம்.

அடுத்து ஃபில்டர். இங்கேதான் எனக்கு மாமாவைப் பிடித்துப் போகிறது. கழற்றிப்போட்ட ஃபில்டரை வாசலில் வைத்து ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அக்காவின் சாப்பாட்டுத் தட்டில் பரப்பினார்.

"இனிமே அந்தத் தட்டுல நீங்களே சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

"இங்க பாரு. உள்ள ஒரு ரப்பர் இருக்கணும். வண்டி நின்னப்புறம் ஆயில் கீழ இறங்காம அதுதான் பிடிச்சு வைக்கும். ரப்பரே இல்லாம வித்திருக்கான்."

ரப்பர் உள்ள ஃபில்டரைத் தேடிப் பிடித்து மாட்டினார். காலை நேரத் தட்டல் நிஜமாகவே நின்றது. சூடான பிறகு வருகிற டிக் டிக் மட்டும் அப்படியே இருந்தது. ஆக, மாமா பாதி ஜெயித்திருந்தார். முழுத் தோல்வியாக இருந்திருந்தால் எங்கள் பாடு இவ்வளவு மோசமாகியிருக்காது.

4

சில மாதங்கள் கழித்து ஒருநாள் மதியம் லாரியைத் தெருவில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து நின்றாள்.

டிக், டிக், டிக், டிக்.

"போயிடுச்சு பார்த்தியா" என்றார் மாமா.

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இருந்த முகம் அது என்று என்னிடம் சொன்னாள். (இதை நான் சேர்க்கவில்லை. அக்காவே சொன்னது.)

"ஆமா, போயிடுச்சு" என்றாள்.

மெல்லிசான, கூரான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். செல்போன் மணி, விசில், டேப்பட். கனத்த சத்தங்கள் கடைசிவரை நிற்கும். அதனால் அக்காவின் குரல் அவருக்கு அரைகுறையாகவாவது கேட்டது. இருபத்தைந்து வருடமாக அவர் காதோரம் உறுமிய இன்ஜினின் உறுமலும் கேட்டது. உறுமலுக்கு மேலே இருந்ததைத்தான் அந்த உறுமலே தின்றுவிட்டிருந்தது.

அன்றிலிருந்து மாமா லாரி ஸ்டாண்டில் வைத்தியராகிவிட்டார். யார் வண்டி தட்டினாலும், "பதினைஞ்சு-நாப்பது ஊத்து, ரப்பர் வச்ச ஃபில்டர் மாட்டு. என் வண்டியைக் கேட்டுப் பாரு" என்பார். அவர்கள் கேட்டுப் பார்ப்பார்கள். தட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "சரிண்ணே" என்று அதே ஃபில்டரை வாங்கியும் மாட்டினார்கள். அவசரம் மட்டும் பானா, ஸ்பானர் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

5

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் கதை வெறும் சோகமான நகைச்சுவையாக நிற்கும், எனக்கும் தூக்கம் வரும்.)

கிடங்கில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது சுமைக்காரர் ஒருவர் பின்னால் நின்று விசில் ஊதுவார். விட்டு விட்டு ஊதினால் வரலாம். நீட்டி ஊதினால் நிறுத்த வேண்டும். ஒருநாள் அவர் நீட்டி ஊதினார். மாமா வந்துகொண்டே இருந்தார். சுமைக்காரர் பக்கவாட்டில் குதித்தார், லாரி சுவரில் மோதி நின்றது. மாமா இறங்கி வந்து, "விசிலை ஊதாம என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?" என்று சத்தம் போட்டார். விசில் அப்போதும் சுமைக்காரர் வாயில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அக்கா லாரியில் ஏறிக்கொண்டாள். "வீட்டுல சும்மா உக்காந்து என்ன பண்றது, கூட வர்றேன்" என்றாள். வண்டி பின்னால் போகும்போது இறங்கி நின்று, நிறுத்த வேண்டிய இடத்தில் லாரியின் பலகையில் முஷ்டியால் குத்துவாள். அந்தக் கனத்த சத்தம் அவருக்குக் கேட்கும். மனைவிக்குத் தன்மேல் ஆசை கூடிவிட்டது என்று மாமா ஸ்டாண்டில் பீற்றிக்கொண்டார்.

அக்காவின் கை ஓரமெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. இப்போது முழங்காலும் வீங்கிவிட்டது. நாளையிலிருந்து அவளால் கேபினில் ஏற முடியாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள்.

6

அக்கா பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு பாடுபடுகிறவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். நானும் கேட்டேன்.

"சொன்னா டாக்டர்கிட்ட போகணும். போனா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா அவர் இந்தத் திண்ணையில உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டிருப்பார். நீ வந்து பார்த்துட்டு ஒரு கதை எழுதிட்டுப் போவ."

இதற்குமேல் இந்தப் பாத்திரத்தைத் திருத்த எனக்கு யோக்கியதை இல்லை.

7

முடிவுகள்.

அ. மாமாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். காதில் மிஷின் வைக்கிறார்கள். லாரியை ஸ்டார்ட் செய்ததும் அவர் கேட்கும் முதல் சத்தம் டிக், டிக். "அடடா, ஆயில் மாத்தணும்" என்கிறார். (எழுதும்போது சிரித்தேன். மிஷின் வைத்த காதுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.)

ஆ. நாளை காலை. கிடங்கு. பலகையில் குத்த யாரும் இல்லை. சுமைக்காரர் நீட்டி ஊதுகிறார். இந்த முறை பக்கவாட்டில் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. லாரிக்கும் சுவருக்கும் நடுவில்

(இதை முடிக்க மாட்டேன்.)

இ. அதற்கு முன்பே இன்ஜின் இறுகி லாரி வழியிலேயே செத்துப்போகிறது. ஒரு கணம் இதுதான் நல்ல முடிவு என்று பட்டது. ஒரு மனிதனின் சோற்றில் மண் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதை நல்ல முடிவு என்கிறேன். அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

8

இன்று நான் போனபோது மாமா கேபினில்தான் இருந்தார். "ஏறு மாப்ள" என்றார். பக்கத்து இருக்கையில் அக்கா போட்டு உட்காரும் பழைய தலையணை கிடந்தது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் சூடாகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ரேடியோவை அணைத்தார்.

டிக், டிக், டிக், டிக்.

"கேக்குதா மாப்ள?"

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. மாமா, வண்டிக்கு ஒண்ணும் இல்ல, உங்க

"இல்ல மாமா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டேன். அப்போதும் பார்த்தார். பிறகு திரும்பி, இருக்கையில் கிடந்த தலையணையை ஒருமுறை தட்டிச் சரிசெய்தார். "நல்ல ஃபில்டர்" என்றார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் தன் காது போவது அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்? அக்கா தெருவில் வந்து நின்ற அன்றேவா? ஸ்டாண்டில் வைத்தியம் சொன்னது யாராவது ஒருவர் தன் முகத்துக்கு நேராக "தட்டுதுண்ணே" என்று சொல்லிவிடட்டும் என்றுதானா? எனக்குத் தெரியவில்லை. ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நாளை காலை அக்கா வரமாட்டாள், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். தலையணையை நகர்த்திக்கொள்ளலாம். இன்ஜின் சூடானதும் அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, "கேக்குதா?" என்று கேட்பார். உரக்கப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.