பி.எஸ். ஆறும் கண்ணாயிரமும்

புது லாரி வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு வேளை சோறுகூட நிம்மதியாக இறங்கவில்லை. இதைச் சொன்னால் என் மனைவி ஞானம்மாள், "பழசு ஓடசொல்ல மட்டும் ரொம்ப இறங்கிச்சாக்கும்" என்பாள். அவளை விடுங்கள். அவள் எந்தக் கட்சி என்று முப்பது வருடமாக எனக்குப் புரிந்ததில்லை.

என் பெயர் சம்பத். திருக்கழுக்குன்றத்தில் வீடு. இருப்பது ஒரே ஒரு டிப்பர் லாரி, பத்துச் சக்கரம். செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி, கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது தொழில். முதலாளி நான், டிரைவர் கண்ணாயிரம். சதுரங்கப்பட்டினத்துக்காரன், என்னைவிட ஐந்து வயது சின்னவன். இருபத்திரண்டு வருடமாக என் வண்டியை ஓட்டுகிறான். ஓட்டினான் என்று சொல்ல வேண்டும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய வண்டியின் எஞ்சினில் ஒயர் என்று பார்த்தால் செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. பம்பு டீசலைத் தள்ளும், நாசில் பீய்ச்சும், எஞ்சின் ஓடும். ஓடவில்லை என்றால் ஒன்று டீசல் தீர்ந்திருக்கும், இல்லை டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். கண்ணாயிரம் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிவான், பம்பைக் கையால் நாலு அமுக்கு அமுக்கிக் காற்றை வெளியேற்றுவான், பீடி அணைவதற்குள் வண்டி கிளம்பிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த எஞ்சினை ஒரே ஒரு தரம்தான் பிரித்தோம். புகை கக்கும், அது உண்மை. பின்னால் வரும் ஸ்கூட்டர்காரன் நம் அம்மாவை விசாரித்துவிட்டுத்தான் தாண்டிப் போவான். கடைசியில், ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. வாங்கக் கொண்டுபோன இடத்தில், போதும் பெரியவரே, இதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

புகை அளவுக்குச் சர்க்கார் போடும் பி.எஸ். நம்பரில் அந்த எஞ்சின் ஒன்றா இரண்டா என்று அது பிறந்த காலத்தில் யாரும் கேட்டதில்லை. அப்புறம் புகைக்குச் சட்டம் மேல் சட்டம் போட்டு மூன்று வந்தது, நாலு வந்தது. நாலுக்கு அப்புறம் ஐந்துதானே வர வேண்டும்? இல்லை, ஆறாம்! ஐந்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். எண்ணத் தெரியாதவர்களா எஞ்சின் செய்கிறார்கள் என்று ஷோரூமிலேயே கேட்டேன். சேல்ஸ்காரர் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு டீ வரவழைத்தார்.

இழுவையில் குறை சொல்ல மாட்டேன். முழு லோடோடு மேட்டில் முனகாமல் ஏறும். ஆனால் அதற்கு ஒரு கம்ப்யூட்டர், நூறு சென்சார், டீசல் போதாது என்று யூரியா தண்ணிக்குத் தனி டேங்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஃபில்டர். புகையில் வரும் கரியை இது வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் ஓடிச் சூடேறும்போது தானே அதை எரித்துக்கொள்ளும். எரியாமல் சேர்ந்துபோனால் மஞ்சள் விளக்கு வரும், பிறகு சிவப்பு விளக்கு வரும், அதன்பின் முப்பதுக்கு மேல் நகர மாட்டேன் என்று நொண்டியடிக்கும். பதினெட்டு டன் லோடோடு நடுரோட்டில் நொண்டியடித்தால் அதை ஓட்டுகிறவன் கதி என்ன, பின்னால் வருகிறவன் கதி என்ன? இரண்டே மாதத்தில் மூன்று முறை இப்படி என் மானம் போனது.

நான் ஒன்றும் வண்டியைக் கவனிக்காதவன் இல்லை. பழைய வண்டிக்குச் செய்தது எல்லாம் இதற்கும் செய்தேன். விடியும் முன்பே எழுந்து எஞ்சினை ஓடவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன். பழையதில் பிரேக்குக்குக் காற்று நிரம்பவே அரை மணி ஆகும், பேட்டரிக்கும் அது நல்லது. குளித்துச் சாமி கும்பிட்டு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வந்தால் எஞ்சின் பதமாக இருக்கும். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

மூன்றாவது முறை நொண்டியது திருப்போரூர் ரோட்டில். கண்ணாயிரம் போன் செய்தான். நான் பைக்கில் போய்ச் சேருவதற்குள் வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக எப்படியோ உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அங்கே நாலைந்து டிப்பர் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள்.

"இன்னாடா பண்ணே?" என்றேன்.

"நான் இன்னா பண்றது அண்ணாத்த. செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு கீது. கால வச்சி மெதிச்சாலும் போக மாட்டேங்குது."

கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அங்கே பேசிய ஆள், "வண்டி நிற்கும்போது எஞ்சினைச் சும்மா ஓடவிடுகிறீர்களா? அப்படிச் செய்தால் சூடு போதாது, கரி எரியாமல் சேரும்" என்றார். போனை வைத்துவிட்டு கேபினைப் பார்த்தேன். புது வண்டியில் ஏசி உண்டு. எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது.

"ஓஹோ! ஏசியைப் போட்டுக்கினு தூங்குறியா? குவாரில கியூல நிக்கசொல்ல எஞ்சினை ஓடவுட்டுட்டு குறட்டை வுடறே, அதானே?"

"அண்ணாத்த, நாலு பேரு கீறாங்கோ. பாத்துப் பேசு."

"இன்னாத்தடா பாக்கறது? எனக்கு இருக்கறது ஒரு வண்டி. அதையும் நாசம் பண்ணிட்டு எனுக்குப் புத்தி சொல்றியா?"

"நான் வண்டி நின்னா உடனே ஆஃப் பண்ணிடுவேன். நான் சொல்றத கொஞ்சம் காது குடுத்துக் கேளு..."

"உன் பேச்ச இன்னாடா கேக்கறது! கம்பெனிக்காரன் சொல்றான், எஞ்சின் சும்மா ஓடிக்கினு இருந்திருக்குன்னு. நீ ஓட்டல, பின்ன பேயா ஓட்டுச்சு?"

டீக்கடையில் ஒருவன் சிரித்துவிட்டான். கண்ணாயிரம் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கேபினில் ஏறி, சாப்பாட்டுத் தூக்கையும் துண்டையும் எடுத்துக்கொண்டான். சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். போனால் போகட்டும், இரண்டு நாளில் தானே வருவான் என்று நான் ஒரு டீ சொன்னேன்.

அவன் வரவில்லை. மூன்று வாரத்தில் மூன்று டிரைவர்கள் மாறினார்கள். ஒருவன் கண்ணாடியை உடைத்தான். இன்னொருவன் ரிவர்ஸில் போய் ஒரு காம்பவுண்டு கேட்டைப் பெயர்த்தான். மூன்றாமவன் இரண்டாம் நாள் போனையே எடுக்கவில்லை. நானே ஓட்டினேன், முட்டி வீங்கியது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கண்ணாயிரத்தைத் திட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்வதானால், எனக்கு அவன் இல்லாமல் முடியவில்லை. லாரி போனால் இன்னொரு லாரி வாங்கலாம், கண்ணாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? எப்படியாவது அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது? தப்பு அவனுடையதுதான் என்று ஆதாரத்தோடு காட்டிவிட்டால், போகட்டும் போ, மன்னித்துவிட்டேன் வாடா என்று பெரிய மனசோடு கூப்பிடலாம். அந்த ஆதாரத்துக்குத்தான் காத்திருந்தேன்.

மறுபடியும் மஞ்சள் விளக்கு வந்தது. அவன் சேர்த்துவைத்துவிட்டுப் போன கரி இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று ஞானம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ரோகிணி என்று ஒரு இன்ஜினியர் பெண், நாமக்கல் பக்கம். லேப்டாப்பை லாரியோடு ஒயரால் சேர்த்துவிட்டு, இந்த எஞ்சின் எப்போது ஓடியது, எப்போது நின்றது, எங்கே நின்றது எல்லாம் இதில் இருக்கிறது என்றாள். கம்ப்யூட்டர் என்றாலே பித்தலாட்டம் என்று அதுவரை ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு மட்டும் அது எனக்குத் தெய்வமாகத் தெரிந்தது.

"போட்டுப் பாரும்மா. அவன் வண்டவாளம் வெளியே வரட்டும்."

"இங்க பாருங்க சார். வண்டி நிக்குது, எஞ்சின் சும்மா ஓடுது. தினமும் அம்பது நிமிஷம்."

நான் மேசையை ஓங்கித் தட்டினேன். "பாத்தியாம்மா! நான் சொல்லல? ஏசியைப் போட்டுக்கினு தூங்குறான்!"

"ஏசி ஆஃப்ல இருக்கு சார்."

"அப்ப போனை நோண்டிக்கினு இருந்திருப்பான்."

"டைம் பாருங்க சார். காலைல நாலு அம்பதுல இருந்து அஞ்சு நாப்பது வரைக்கும்." மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள். "வண்டி இந்த இடத்துல நிக்குது. டிரைவர் அவ்வளவு சீக்கிரம் வந்துடுவாரா?"

திருக்கழுக்குன்றம். என் தெரு. என் வீட்டு வாசல். கண்ணாயிரம் பஸ் பிடித்து வந்து சேர ஆறேகால் ஆகும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் அதற்கு முன்னால் வந்ததில்லை.

ரோகிணி விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "குவாரில, சைட்ல எல்லாம் உங்க பழைய டிரைவர் நின்ன உடனே ஆஃப் பண்ணியிருக்கார். ரொம்ப சுத்தமான டிரைவர் சார். மஞ்சள் லைட்டு வந்தப்ப நாலு தடவை ஓரமா நிறுத்தி, சூடேத்தற சுவிட்சைப் போட்டு ஃபில்டர்ல இருந்த கரியை முறையா எரிச்சிருக்கார். அவர் அதைச் செய்யலன்னா இந்த வண்டி எப்பவோ படுத்திருக்கும்."

நாலு தடவை. என்னிடம் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், லோடோடு ஏன்டா நடுவழியில் நின்றாய் என்று கத்தியிருப்பேன்.

"ஆனா இந்தக் காலை ஓட்டம் மட்டும் நேத்து இருக்கு, முந்தாநேத்தும் இருக்கு" என்றாள். "டிரைவர் போய் மூணு வாரம் ஆச்சுன்னீங்களே, அப்ப இது யாரு சார்?"

"எங்க வூட்ல ஒருத்தரு."

"பழைய வண்டி வச்சிருந்தவரா? அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க சார். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் போதும், மெதுவா ஓட்டிட்டே போனா தானா சூடாயிடும். சும்மா நிறுத்தி ஓடவிடறதுதான் இந்த எஞ்சினுக்கு விஷம்."

"சொல்றேம்மா" என்றேன்.

லாரியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிச் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். கோட்டைச் சுவருக்குப் பின்பக்கம் கண்ணாயிரத்தின் வீடு. அவன் கண்ணாடி முன்னால் நின்று நீலச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து டவுன்ஷிப்புக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டுகிறானாம், மத்தியான ஷிப்ட். அவன் மனைவி விஜயகுமாரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வா அண்ணாத்த, உக்காரு" என்றான். கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் உட்காரவில்லை. ரோகிணி, லேப்டாப், மேப்பு, நாலு அம்பது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "தப்பு என்னுதுடா. அதே டீக்கடையில, அதே ஆளுங்க எதிர்ல நானே சொல்றேன். நீ வந்துடு."

"இன்னான்னு சொல்லுவே?"

"காத்தால எஞ்சினை ஓடவுட்டது நான்தான்னு."

"அது எனுக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"ராவெல்லாம் நின்ன வண்டி, காத்தால நான் வந்து ஏறசொல்ல கொதிச்சிக்கினு இருக்கும். இதுகூட தெரியாதா? மூணு தபா சொன்னேன் அண்ணாத்த. சொல்லசொல்ல, நீ இன்னா எஞ்சினுக்குப் படிச்சியான்னு கேட்ட. அன்னிக்கு டீக்கடையிலயும் அதத்தான் சொல்ல வந்தேன்."

எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று முறையும் நான் என்ன சொன்னேன், எந்தக் குரலில் சொன்னேன் என்பதுகூட வந்தது. நான் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

"அந்தப் பொண்ணு உனுக்கு எத்தினி நாளா பழக்கம்?" என்று கேட்டான்.

"இன்னிக்குத்தான் பாத்தேன்."

"எத்தினி தபா சொல்லிச்சு?"

"ஒரு தபா."

கண்ணாயிரம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். காலரை இழுத்துச் சரி செய்துகொண்டான்.

"நான் உனுக்கு இருபத்திரண்டு வருசமா பழக்கம்" என்றான்.

அப்புறம் வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "விஜயா, அண்ணாத்தைக்குச் சோறு போடு. வெயில்ல வந்துக்கீது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதையாவது சொல்லித் தொலையேன்டா என்று கத்தத் தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

விஜயகுமாரி தட்டு வைத்தாள். வஞ்சிர மீன் குழம்பு. நான் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"அது வர ராத்திரி பத்து மணி ஆவும்ணா. நீங்க சாப்புட்டுக் கெளம்புங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா. இருக்கேன்" என்றேன்.