நெட்டைக்கு ஒரு கியர் ராடு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கதை கேட்டார். "உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீங்கதானே. அந்த வலிய எழுதுங்க" என்றார். எந்த வலி என்று கேட்டேன். "அதான், அந்த வலி" என்றார். என் வலியை அவரே அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தார். நான் உள்ளே புகுந்து பட்டன் போடுவதுதான் பாக்கி.

மறுநாள் வண்டிக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் இரண்டு ஆண்கள் ஒரு கியர் ராடைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். குட்டையாக வாங்குவதா, ரொம்பக் குட்டையாக வாங்குவதா? பிள்ளைக்கு வரன் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள். ஓர் ஆசையை இத்தனை நேரம் உட்கார்ந்து ஆராய அவர்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? யாரும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

சரி, என் கதாநாயகியும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்தது. ஜன்னலோரம் நின்றவளுக்கு அம்மாவின் கைகள்" —

அடித்துவிட்டேன். அம்மாவின் கைகள் வந்தால் அடுத்த வரியில் காய்ப்பு வரும், அதற்கடுத்த வரியில் கண்ணீர். ஆசிரியர் தைத்த சட்டை அதுதான்.

இரண்டாவது: "ஒரு பெண்ணுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்பவர்களுக்கு" —

இதுவும் போயிற்று. கேட்பவர்களுக்கு என் முதல் வரியை ஏன் தாரை வார்க்க வேண்டும்?

மூன்றாவது நிற்கிறது: அவளுக்கு மூன்றாவது கியர் விழவில்லை.

3

அவள் ஒரு சோதனைக்கூடத்தில் பொறியாளர். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பது வேலை. வளர்த்தி அதிகம். வாசற்படிகளில் தலை குனிந்தே பழகியவள். அண்ணன் கூப்பிடும் பெயர் நெட்டை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கையால் கியர் மாற்றுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவளுக்குச் சொந்தம். (எப்படி வாங்கினாள் என்று கேட்காதீர்கள். சம்பாதித்தாள், வாங்கினாள். ஆணாக இருந்தால் இந்த அடைப்புக்குறியே தேவைப்பட்டிருக்காது.)

ஊரின் கார் சங்கம் விடுமுறைக் காலைகளில் அனுமதி வாங்கி ஒரு மலைச்சாலையை அடைக்கும். ஒவ்வொருவராக மேலே ஓட்ட வேண்டும். முதலில் ஒத்திகை, பிறகு கடிகாரம் வைத்து ஓட்டம். ஒத்திகையில் கியரைத் தவறவிட்டவருக்குக் கடிகார ஓட்டம் கிடையாது.

போன முறை முதல் வளைவைத் தாண்டியதும் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினாள். ராடு பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சின் கத்தியது, கார் நகர மறுத்தது. கீழே இறங்கி வந்தபோது சங்கச் செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் வாயைத் திறந்தார். அவருக்கு உதிரிபாகக் கடை. அவரை எல்லோரும் டர்போ என்பார்கள்.

"ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு வந்திருக்கு மேடம். கை பாட்டுக்கு சும்மா இருக்கும்."

சிரித்தார்கள். அடுத்த ஒத்திகையிலும் தவறினால் இந்த வருடம் முழுக்கப் பெயரை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

ஆக, இந்தக் கதையில் பணயம் இதுதான்: ஒரு வளைவு, ஒரு கியர், அவள் பெயர்.

4

(ஒரு சின்ன விளக்கம். கார் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு என்னைத் திட்டக்கூடாது. ஷார்ட் ஷிஃப்டர் என்பது கம்பெனி கொடுத்த கியர் ராடை எடுத்துவிட்டுப் போடும் வேறொரு ராடு. கை கொஞ்சம் அசைந்தாலே கியர் மாறிவிடும். கை அசைவு குறையக் குறைய, தள்ளும் பலம் கூடுதலாக வேண்டும்.)

டர்போ கடையில் ஒரு மரப்பலகையில் மூன்று ராடுகளை முடுக்கி வைத்திருந்தார். வாங்க வருகிறவர்கள் நின்றபடி ஆட்டிப் பார்ப்பார்கள். டக், டக். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். அந்த டக்கில் மயங்கிப் பையைத் திறப்பார்கள். அவளும் ஆட்டினாள். மிகக் குட்டையானதன் டக் அவளுக்கும் இனித்தது. அதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் படித்தவள் மயங்க மாட்டாள் என்று யாராவது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"இதான் மேடம் ராஜா. சங்கத்துல பாதிப் பேரு இதுதான் போட்டிருக்காங்க."

"அந்த உசரமா இருக்கிறது?"

"அது வயசானவங்க வாங்குறது. குனிய முடியாதவங்க."

கூட வந்திருந்த அண்ணன் லாரி ஓட்டுகிறவன். உயரமான ராடைப் பார்த்து, "என் வண்டியில இருந்து யாரு கழட்டிட்டு வந்தது?" என்றான்.

"மூணையும் கழட்டிக் குடுங்க. வண்டியில வெச்சுப் பாக்கணும்" என்றாள் அவள்.

"வெச்சு என்னத்தப் பாக்குறது?"

"பாத்துட்டு சொல்றேன்."

கடை வாசலிலேயே கார் நின்றது. இருக்கையைத் தான் ஓட்டும் இடத்துக்கு, அதாவது கடைசி வரை, பின்னால் தள்ளினாள். அந்தக் கால்களுக்கு வேறு வழியில்லை. பிறகு பந்தய பெல்ட்டைத் தோள் இரண்டிலும் மாட்டி இறுக்கினாள். வீட்டு பெல்ட் மாதிரி இல்லை இது, முதுகை இருக்கையோடு சேர்த்துக் கட்டிப்போடும். மலையேறும்போது கட்டாயம் போட வேண்டும். கடையில் ராடு பார்க்கும்போது ஒருவரும் போடுவதில்லை.

அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குட்டை ராடைக் கியர் இருக்கும் இடத்தில் செங்குத்தாகப் பிடித்தான். "நான்தான்டி கியர்பாக்ஸ். போடு" என்று வாயாலேயே எஞ்சினை உறும விட்டான்.

அவள் இரண்டில் வைத்து மூன்றுக்குத் தள்ளினாள்.

உள்ளங்கை போய்ச் சேரவில்லை. விரல் நுனிதான் போயிற்று. தோள் முன்னால் வர முயன்றது, பெல்ட் விடவில்லை. கை நேராகத் தள்ளுவதற்குப் பதில் சாய்ந்து இழுத்தது. போன முறை கம்பெனி ராடிலும் இப்படித்தான் ஆகியிருந்தது.

"அண்ணா, அந்தப் பெரிச எடு."

"போயும் போயும் இதையா?"

"எடுறான்னா."

உயரமான ராடு லேசாகப் பின்சாய்ந்து நின்றது. கை அசைவு கொஞ்சம்தான் குறையும், டக் சத்தத்தில் இனிப்பும் கிடையாது. ஆனால் அதன் உச்சியிலிருந்த குமிழ் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வந்து அவள் உள்ளங்கைக்குள் உட்கார்ந்தது. தள்ளினாள். முழங்கை மடிந்தபடியே மூன்று.

அண்ணன் உறுமலை நிறுத்தினான். "இன்னொரு தடவ போடு" என்றான், சாதாரணக் குரலில்.

5

இந்த இடத்தில் அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன்கள் கதைக்குள் நுழைந்தால் ஒன்று தடுப்பார்கள், இல்லை தியாகம் செய்வார்கள். இவன் இரண்டும் செய்யாமல் வாயால் உறுமுகிறான். ஒருமுறை அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். "பொட்டச்சிக்கு எதுக்கு" என்று ஒரு வசனம்கூட எழுதி — அவன் பேச மாட்டேன் என்றுவிட்டான். அவனுக்குத் தங்கச்சி கார் என்றால் இடதுபக்கம் உட்காரலாமா, வலதுபக்கம் உட்காரலாமா என்பது மட்டும்தான் கவலை. விட்டுவிட்டேன்.

டர்போவை விடவில்லை. அவர் வெளியே வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்ன மேடம், கைத்தடியா எடுத்துட்டுப் போறீங்க? சங்கத்துல சிரிப்பாங்க."

"போன தடவையே சிரிச்சாச்சு. நீங்க கொஞ்சம் உள்ள உக்காருங்க."

"நானா?"

"சும்மா உக்காருங்க சார்."

இருக்கையை நகர்த்த விடவில்லை. பெல்ட்டையும் அவளே இறுக்கினாள். அண்ணன் குட்டை ராடைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு போடுங்க."

டர்போ கையை நீட்டினார். விரல்கள் காற்றில் துழாவின. தொப்பை ஒருபக்கம், பெல்ட் ஒருபக்கம்.

"இது உங்க சீட்டு மேடம். எனக்கு செட்டாகாது."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். உங்க ராஜா எனக்கு செட்டாகாது."

"கியர்பாக்ஸ் வாடகைக்கு நிக்குது, சீக்கிரம் போடுங்க" என்றான் அண்ணன்.

6

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நல்லாத்தான் போகுது. ஆனா முடிவுல காரு மோதிடணும். இல்லேன்னா அவ அத வித்துட்டு அண்ணன் குடும்பத்துக்கு உதவுறா. அப்பதான் மனசு கனக்கும்."

"யார் மனசு சார்?"

"வாசகர் மனசு."

"அவங்க மனசு லேசாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்காக ஒரே ஒரு வரி எழுதிப் பார்த்தேன். "வளைவில் எதிரே ஒரு மாடு" — அடைத்த சாலையில் மாடு எங்கிருந்து வரும்? என்னைப் போன்றவள் எழுதும் கதையில் சந்தோஷம் வருவதைவிட மாடு வருவதுதான் இவர்களுக்கு நம்பும்படியாக இருக்கிறது.

மாட்டைத் துரத்திவிட்டேன். கதையை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்கிறேன்.

7

அண்ணனும் அவளும் மத்தியானம் முழுக்க ராடு மாட்டினார்கள். பழையதைக் கழற்றி, ராடு அசைகிற குண்டு மூட்டில் கிரீஸ் தடவி, புதியதை இறக்கி, ரப்பர் உறையை மேலே இழுத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. தாழ்வான அந்தக் காருக்குள் அது மட்டும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

அடுத்த விடுமுறைக் காலையில் மலையடிவாரத்தில் யாரோ, "மேடம் மண்வெட்டி மாட்டிட்டு வந்திருக்காங்க" என்றார்கள். அவள் பெல்ட்டை இறுக்கினாள்.

ஒத்திகை. முதல் வளைவு. இரண்டில் எஞ்சின் ஏறிக்கொண்டே போகிறது. (இங்கே இரண்டு பக்கத்துக்கு நினைவோடை எழுதலாம். பள்ளிக்கூடம், கல்லூரி, கேலி எல்லாம் இந்த ஒரு நொடிக்குள் வந்து போகலாம். அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை. ஓட்டுகிறவர்கள் வளைவைத்தான் நினைப்பார்கள்.) கிளட்ச். கை எழவில்லை, நீளவில்லை, வெறுமனே தள்ளியது.

விழுந்தது.

மூன்றாவது கியரில் அந்தக் கார் எப்படி இழுக்கும் என்பதை, சங்கம் இருக்கட்டும், அவளே அன்றுதான் பார்த்தாள். மேலே போய்ச் சேர்ந்தவள் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். அழுதாள் என்று எழுத என் கை போயிற்று. அவள் அழவில்லை.

கீழே டர்போ கடிகார ஓட்டத்துக்குப் பெயர் வாசித்தார். அவள் பெயர் வந்தபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் வாசித்தார்.

8

இப்போது கொடி இறங்கிவிட்டது. அவள் போய்விட்டாள். வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. நான் அண்ணன் பக்கத்தில் நிற்கிறேன்.

"நீங்கதானே எழுதுறீங்க. என்ன டைம் வரும்?" என்கிறான்.

"தெரியாது."

"எழுதுறவங்களுக்கே தெரியாதா? நல்லா எழுதுனீங்க போங்க."

"வண்டிய நான் ஓட்டல. அவதான் ஓட்டுறா."

அவன் காதைத் திருப்பி வைத்துக் கேட்கிறான். மேலே எஞ்சின் உச்சத்துக்குப் போய், ஒரு கணம் மூச்சை விட்டு, அடுத்த சுருதியில் பிடித்துக்கொள்கிறது.

"மூணு" என்கிறான். கொஞ்ச நேரத்தில், "நாலு." பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ஏன் நிக்கிறீங்க? வாங்க, மேல போய்ப் பாக்கலாம்" என்று ஏற ஆரம்பிக்கிறான்.

நானும் போகிறேன். மேலே பலகையில் அவள் பெயருக்கு எதிரே நேரத்தை எழுத ஓர் இடம் காலியாக இருக்கும். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களின் நேரத்தைப் பார்த்துவிட்டே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளுக்கு என்றதும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.